பிரின்ட் போட்டால் மறையும் பிழை

பல வருடங்களுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு பழைய சி புரோகிராமில், சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஒரு பிரின்ட்எஃப் வரி இருந்தது. அதன் மேலே யாரோ குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: ‘இதை எடுக்க வேண்டாம். எடுத்தால் கணக்கு உதைக்கும்.’ எடுத்துப் பார்த்தேன், உதைத்தது. திரும்பப் போட்டேன், ஒன்றும் நடக்காதது போல ஓடியது. திரையில் ஒரு எண்ணைக் காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத வரி கணக்கை எப்படித் திருத்தும்?

அது செய்த வேலை சின்னதுதான். ஓர் அளவை மூன்றால் வகுத்து ஒரு வரிசையில் எழுதி வைக்கும். பிறகு அதே அளவை மறுபடி மூன்றால் வகுத்து, எழுதி வைத்ததும் இதுவும் சமமா என்று பார்க்கும். அளவும் அதே, வகுத்தலும் அதே, கணினியும் அதே. ஆனாலும் ‘சமமில்லை’ என்றது.

ஃப்ளோட்டிங் பாயின்ட் (புள்ளி வைத்த எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் முறை) என்றாலே அப்படித்தான் என்று சொல்லி, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் கதையை இங்கே எடுத்துவிடுவார்கள். உண்மைதான், 0.1-ஐ இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. ஆனால் அந்தப் பிழை நாணயமானது. பத்து லட்சம் தடவை ஓட்டினாலும் அதே 4 அதே இடத்தில் வந்து நிற்கும். எனக்கு வாய்த்ததோ வந்து வந்து போகிற ரகம். நாம் எழுதும் நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு ‘வேகமாக்கு’ என்று சொன்னால் வரும், சொல்லாவிட்டால் போய்விடும். பக்கத்து ஃபங்ஷனில் (தனிப் பெயரிட்டுக் கூப்பிடும் நிரல் பகுதி) இரண்டு வரி சேர்த்தால் இடம் மாறும். பார்க்கப் போனால் மறைவதால் இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரைச் சேர்த்து இந்த வகைக்கு ‘ஹைசன்பக்’ என்று புரோகிராமர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

காரணம் சிப்புக்குள் இருக்கிறது. 1980-இல் இன்டெல் 8087 என்ற கணக்குச் சிப்பை வெளியிட்டது. அதன் கணக்கு முறைக்கு ஆலோசனை சொன்ன வில்லியம் கஹான்தான் பின்னால் 1985-இல் வந்த, புள்ளி எண் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரத்துக்கும் முதன்மைக் காரணம். நாம் ‘டபுள்’ என்று அறிவிக்கும் எண் மெமரியில் 64 பிட் இடம் பிடிக்கும். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட். ஆனால் 8087-இன் ரெஜிஸ்டர், அதாவது கணக்குப் போடும்போது சிப் தனக்குள்ளேயே எண்ணை வைத்துக்கொள்ளும் இடம், 80 பிட் அகலம், இலக்கங்களுக்கு மட்டும் 64 பிட். இடைக்கணக்குகள் கொஞ்சம் அகலமாக நடந்தால் கடைசி விடையில் பிழை குறையும் என்ற நல்லெண்ணம்தான். அந்த வழிவந்த 32-பிட் கணினிகள் எல்லாம் இந்த ரெஜிஸ்டர்களையே பல காலம் பயன்படுத்தின.

ஒன்றை மூன்றால் வகுத்துப் பாருங்கள். 53 பிட்டில் வெட்டினால் புள்ளிக்குப் பிறகு 16 மூன்றுகள் வந்து, அப்புறம் 148 என்று தடம் மாறும். 64 பிட்டில் வெட்டினால் 19 மூன்றுகள் வரை தாங்கும். என் புரோகிராமில் முதல் விடை வரிசைக்குள், அதாவது மெமரிக்குள் போனதால் 53 பிட்டாக நறுக்கப்பட்டது. இரண்டாவது விடை ரெஜிஸ்டரிலேயே 64 பிட்டோடு உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் சிப் சொல்லும். அது பொய் சொல்லவில்லை.

இப்போது அந்த பிரின்ட்எஃப். அது ஒரு ஃபங்ஷன். இந்த ரெஜிஸ்டர்களைப் பொறுத்தவரை ஒரு விதி உண்டு: இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும் முன், உனக்கு வேண்டியதை நீயே மெமரியில் இறக்கி வைத்துக்கொள். ஆக, இரண்டாவது விடையும் பிரின்ட்எஃப் புண்ணியத்தில் மெமரிக்கு இறங்கி, 53 பிட்டாக நறுக்கப்பட்டுத் திரும்பியது. இரண்டும் ஒரே அளவில் வெட்டுப்பட்டதால் சமமாகிவிட்டன. குறிப்பு எழுதியவருக்குக் காரணம் பிடிபடாவிட்டாலும் வைத்தியம் சரியாகவே அமைந்துவிட்டது.

இதில் ஒரு தப்பான சந்தேகம் அடிக்கடி எழும். ஆபரேட்டிங் சிஸ்டம் நடுவில் நம் புரோகிராமை நிறுத்தி வேறொன்றுக்கு இடம் கொடுக்கும்போது எண் நறுக்கப்படுகிறதோ என்று. இல்லை. அது 80 பிட்டையும் அப்படியே பத்திரப்படுத்தித் திருப்பித் தரும். நறுக்குவது கம்பைலர் மட்டுமே, எங்கே நறுக்குவது என்பதை அது கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துவிடுகிறது. அதனால்தான் நாம் சம்பந்தமில்லாத வரியைத் தொட்டாலும் முடிவு மாறுகிறது. ஜிசிசி கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் 2000-இல் 323 என்ற எண்ணோடு ஏறிய புகார் இதுதான். அதன் பிறகும் அதே புகாரைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசி இலக்கம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2011 ஜனவரியில், இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் வெளிவந்த கோளாறு அதற்குச் சாட்சி. 2.2250738585072011 பெருக்கல் பத்தின் −308-ஆம் அடுக்கு என்ற எண்ணை எழுத்தாகக் கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னால், 32-பிட் பிஎச்பி முடிவில்லாமல் சுற்றியது. டபுள் வகையின் இயல்பான எண்களில் மிகச் சிறியதுக்கும் அதற்கு அடுத்துக் கீழே உள்ளதுக்கும் ஏறத்தாழ நடுவில் கிடக்கிற எண் இது. மாற்றும் நிரல் ஒரு தோராய விடையில் தொடங்கி, தேவைப்பட்டால் திருத்தி, மறுபடி சரிபார்க்கும். ரெஜிஸ்டரில் ஒரு மாதிரியும் மெமரியில் வேறு மாதிரியும் எண் நறுக்கப்பட்டதால் திருத்தம் ஒருநாளும் முடியவில்லை. இணையப் படிவத்தில் இந்த எண்ணைத் தட்டி விட்டாலே ஒரு சர்வரை மூச்சுத் திணற வைக்கலாம் என்பதால், சில நாட்களிலேயே 5.3.5, 5.2.17 பதிப்புகள் வந்தன. திருத்தம் என்ன தெரியுமா? ஒரு மாறிக்கு முன்னால் ‘வாலடைல்’ என்ற சொல். மெமரியில் எழுதித் திரும்ப எடு என்று கம்பைலருக்கு இடும் கட்டளை அது. என் பிரின்ட்எஃப்புக்குப் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெஜிஸ்டர் அகலம் ஒரு குற்றவாளி என்றால், சிப்பின் கட்டுப்பாட்டுச் சொல் இன்னொன்று. எத்தனை பிட்டில் நறுக்குவது என்பதையே மாற்றக்கூடிய சுவிட்சு அது. விண்டோஸில் முப்பரிமாணப் படம் வரையும் டைரக்ட்3டி 9 தொடங்கும்போது, தனியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால், இந்தச் சுவிட்சை 24 பிட்டுக்குத் திருப்பிவிடும். 1970-லிருந்து எத்தனை விநாடி என்று டபுளில் எண்ணும் ஒரு புரோகிராமை நினைத்துப் பாருங்கள். 2004 ஜனவரியில் அந்த எண் 107 கோடியே 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 24 பிட்டில் அந்த அளவு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி 128. படம் வரையாத வரை கடிகாரம் விநாடி விநாடியாக நகரும், முப்பரிமாணச் சாளரத்தைத் திறந்ததும் அந்த நேரத்தோடு சில விநாடிகளைக் கூட்டியோ கழித்தோ வரும் ஒவ்வொரு விடையும் 128 விநாடியின் மடங்குக்குத் தாவும். கணக்கு எழுதியவர் தன் நிரலை எத்தனை தடவை படித்தாலும் தவறு அகப்படாது, ஏனென்றால் அது அங்கே இல்லை.

படம், ஒலி வேலைகளை வேகமாக்க இன்டெல் சேர்த்த எம்எம்எக்ஸ் கட்டளைகள் தருவது இதைவிடக் குரூரம். அவை தனி ரெஜிஸ்டர் வைத்துக்கொள்ளாமல் இதே எட்டு ரெஜிஸ்டர்களை இரவல் வாங்கும். வேலை முடிந்ததும் ‘காலி செய்துவிட்டேன்’ என்று சொல்லும் கட்டளையை மறந்தால், அடுத்து வரும் சாதாரணக் கூட்டல் கழித்தலின் விடை ‘எண் அல்ல’ என்று வரும். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை (NaN) தமிழில் எழுதினால் ‘நான்’. குற்றவாளியைத் தேடும்போது திரை முழுக்க ‘நான், நான்’ என்று வருவதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் அந்த ‘நான்’ வெறும் பலியாள்.

64-பிட் கணினிகளில் வேறு ரெஜிஸ்டர்கள் வந்ததால் 80 பிட் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. சுவிட்சுத் தொல்லை ஒழியவில்லை. ‘ஃபாஸ்ட்-மேத்’ என்ற வேகத் தேர்வோடு கம்பைல் செய்த ஒரு லைப்ரரியை ஏற்றினாலே, மிகச் சிறிய எண்களையெல்லாம் பூஜ்யமாக்கும் சுவிட்சு முழு புரோகிராமுக்கும் விழுந்துவிடும். ஜிசிசி இதை 2023-இல் வந்த 13-ஆம் பதிப்பில்தான் சரி செய்தது.

இன்றைக்கு அதிகம் அகப்படுவது கூட்டல் வரிசை. பத்தின் 16-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் டபுளில் அந்த 1 தொலைந்துபோகும். பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. முதலில் பெரிய எண்ணைக் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு வேலைச் சரடுகள், அதாவது த்ரெட்கள், தம் பங்கைக் கூட்டி, முடித்தவர் முந்தி என்று பொதுத் தொகையில் சேர்த்தால், ஒவ்வோர் ஓட்டத்திலும் வரிசை மாறும், கடைசி இலக்கங்களும் மாறும்.

பிடிக்கும் விதத்துக்கு வருவோம். முதலில் ஒரே த்ரெட்டில் பத்து தடவை ஓட்டிப் பார்ப்பேன். விடை மாறாமல் நின்றுவிட்டால் காரணம் கூட்டல் வரிசைதான். அப்படியும் ஆடினால், சந்தேகப்படும் ஃபங்ஷனின் முன்னும் பின்னும் அந்தச் சுவிட்சுகள் இருக்கும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைப் படித்து ஒப்பிடுவேன். எண்களைத் தசமத்தில் அச்சிடுவதில்லை, பதினாறடிமானத்தில் பிட் பிட்டாகப் பார்ப்பேன். ஏனென்றால் ஆறு இலக்கத்தோடு நிற்கும் அச்சில் இரண்டு வெவ்வேறு எண்கள் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும்.

அந்தப் பழைய புரோகிராமில் அச்சிடவே முடியாதே, அச்சிட்டால் மறைந்துவிடுமே. புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி டீபக்கரில் ஒப்பிடும் கட்டளைக்கு முன் நிறுத்தி, ‘இன்ஃபோ ஃப்ளோட்’ என்று கேட்டேன். ரெஜிஸ்டரைத் தொடாமலே அதன் 80 பிட்டையும் காட்டியது. ஒன்றின் கடைசி 11 பிட்டுகள் அத்தனையும் பூஜ்யம், மற்றதில் 10101010 என்று நிறைந்திருந்தது.