நேர்முகத்தில் 'பேஷன்' பேசுவோர் கவனத்துக்கு

வெள்ளவத்தையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திருத்தித் தரச்சொல்லி வரும் சுயவிவரக்கோவைகளில் 'பேஷன்' இல்லாதவை குறைவு. உடுப்பு ஃபேஷன் அல்ல, ஒரு துறையில் உள்ள தீராத ஈடுபாட்டைச் சொல்லும் பேஷன். எழுதுவதில் தப்பில்லை. அதன் பக்கத்தில் எந்தச் சொல்லை வைப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

நான் அதிகம் பார்ப்பது 'பேஷன் இன் அக்கவுண்டிங்'. 'கணக்கியலில் ஆர்வம்' என்று மனதில் ஓடுகிற 'இல்' அப்படியே 'இன்' ஆகிவிடுகிறது. 'இன்ட்ரெஸ்ட்' என்ற சொல்லுக்கு 'இன்' சரியாகப் பொருந்துவதால் சந்தேகமும் வருவதில்லை. பேஷனுக்குப் பின்னால் 'ஃபார்' வரவேண்டும்: 'ஐ ஹேவ் எ பேஷன் ஃபார் அக்கவுண்டிங்'. பேஷனேட் என்றால் 'அபவுட்'. 'பேஷனேட் டு லேர்ன்' என்றும் எழுதுகிறார்கள். அங்கே 'கீன் டு லேர்ன்' போதும்.

இவற்றை மன்னித்துவிடுவார்கள். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பேஷனேட் என்பதை மனிதர்களோடு சேர்த்தால் பேச்சு காதல், காமம் பக்கம் திரும்பிவிடும். பழைய மேலாளரோடு நன்றாக ஒத்துப்போனேன் என்று சொல்ல நினைத்து 'எ பேஷனேட் ரிலேஷன்ஷிப்' என்றால், எதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 'எ குட் வொர்க்கிங் ரிலேஷன்ஷிப்' என்று சொல்லுங்கள். முன்பள்ளி வேலைக்குப் போகிறவர் 'பேஷனேட் வித் சில்ட்ரன்' என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது. 'பேஷனேட் அபவுட் டீச்சிங் சில்ட்ரன்' என்பதே சரி.

இந்தச் சொல்லுக்குக் கோப முகமும் உண்டு. பொறாமையிலோ ஆத்திரத்திலோ செய்யும் கொலை 'எ க்ரைம் ஒஃப் பேஷன்'. தேர்தல் நேரத்து வாக்குவாதம் சூடேறினால் 'பேஷன்ஸ் ரன் ஹை'. (கொடித்தோடையின் ஆங்கிலப் பெயரில் வரும் பேஷன் வேறு கதை. அந்தப் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்ட பாதிரிமார் வைத்த பெயர் அது.)

அப்புறம் அளவு. 'பர்னிங் பேஷன்', 'கன்ஸ்யூமிங் பேஷன்' எல்லாம் ஆளையே விழுங்கும் வேட்கை. டேட்டா என்ட்ரி வேலைக்கு அப்படி எரியத் தேவையில்லை; 'எ கீன் இன்ட்ரெஸ்ட் இன்' கௌரவமாக இருக்கும். உயர்தரம் முடித்த கையோடு 'லைஃப்லாங் பேஷன்' என்று எழுதுவதும் கொஞ்சம் அதிகம்தான். 'டெவலப்ட் எ பேஷன் ஃபார்' என்று எழுதினால், எப்போது, எப்படி அந்த ஆர்வம் வளர்ந்தது என்று சொல்லவும் இடம் கிடைக்கும்.

அதை நேர்முகம் நடத்துபவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 'பேஷனேட்' என்று சொன்ன உடனே வருகிற கேள்வி, 'அதற்காக என்ன செய்தீர்கள்?' என்பதுதான். புறக்கோட்டையில் அப்பாவின் கடைக் கணக்கை எக்செலில் போட்டுக்கொடுப்பவராக இருந்தால், அதையே முதல் வரியில் எழுதுங்கள். பேஷன் என்ற சொல்லே அங்கே தேவைப்படாது.