தொடர்படம், படத்தொடர்: பேர்ல் ஒயிட் நடித்தது எதில்?

அமெரிக்க மௌனப்பட நடிகை பேர்ல் ஒயிட் 1938 ஆகஸ்ட் 4 அன்று பாரிசை ஒட்டிய நெய்யி என்ற ஊரில் இறந்தார். அமெரிக்காவில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1939இல். அப்படியிருக்க, அவரைத் ‘தொலைக்காட்சித் தொடர்களின் ராணி’ என்று எழுதும் வழக்கம் தமிழில் ஓயவில்லை. ஆங்கில மூலத்தில் ‘சீரியல்’ என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர் கை தானாகவே தொலைக்காட்சியைச் சேர்த்துவிடுகிறது. இந்தப் பிழையை ஆண்டுக் கணக்கைக் காட்டித் திருத்திவிடலாம். அதைத் தவிர்க்க நினைத்துத் ‘திரைப்படத் தொடர் நடிகை’ என்று எழுதுகிறார்களே, அது பார்வைக்குச் சரியாக இருக்கும் பிழை. எனக்கு வழக்கு அதனோடுதான்.

சொல்லின் வரலாறு சிறியது. கோப்பது, இணைப்பது என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து ‘சீரீஸ்’ பிறந்தது. அதற்கு வரிசை என்று பொருள். அதன் வழியே வந்த ‘சீரியல்’, 19ஆம் நூற்றாண்டில் இதழ்களில் பகுதி பகுதியாக வெளிவந்த கதைக்குப் பெயராயிற்று. 1910களில் திரைக்குப் போனது, பிறகு வானொலிக்கு, கடைசியாகத் தொலைக்காட்சிக்கு. தமிழர்கள் அதைக் கடைசி நிறுத்தத்தில் ஏறிப் பிடித்துக்கொண்டதால் முந்தைய பொருள்கள் நமக்குத் தெரியாமல் போயின.

அந்தத் திரைச் சீரியல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். ஓர் அத்தியாயம் பெரும்பாலும் இரண்டு படச்சுருள். ஒரு சுருள் ஏறத்தாழ 1,000 அடி; அக்கால ஓட்டத்தில் கால் மணி நேரம். ஆக அத்தியாயம் ஒன்றுக்கு அரை மணி நேரம். கதையையும் பாத்திரங்களையும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்ததால் முதல் அத்தியாயத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுருள் தருவதுண்டு. பெரும்பாலும் வாரம் ஒன்று கொட்டகைக்கு வரும். 10 முதல் 20 அத்தியாயங்களில் கதை முடியும். பேர்ல் ஒயிட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலீன்’ 1914 மார்ச்சில் தொடங்கி, இரு வாரத்துக்கு ஒன்றாக 20 அத்தியாயங்கள் ஓடியது. தயாரிப்பு பாத்தே நிறுவனம். ஹெர்ஸ்ட் குழும நாளேடுகள் அதே கதையை எழுத்திலும் வெளியிட்டன. அத்தியாயத்தைத் தவறவிட்டவர் நாளேட்டில் படித்துக்கொள்வார், நாளேட்டில் படித்தவர் கொட்டகைக்கு வருவார். பிறப்பிலேயே இது தொடர்கதையின் உடன்பிறப்பு. அதன் தமிழ்ப் பெயரும் அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

தொடர்கதை என்பது வினைத்தொகை. தொடர்ந்த கதை, தொடர்கின்ற கதை, தொடரும் கதை என்று முக்காலத்துக்கும் விரியும். அதே வார்ப்பில் தொடர்படம். கதை ஒன்று, படம் ஒன்று, அது தவணை தவணையாக வருகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘தொடர்ப்படம்’ என்று நடுவில் ப் போடுவதும் தவறு.

படத்தொடர் அல்லது திரைப்படத் தொடர் என்னும்போது சொல் தலைகீழாகிவிடுகிறது. இங்கே தொடர் பெயர்ச்சொல். மலைத்தொடர் பல மலைகளின் வரிசை. படத்தொடர் பல படங்களின் வரிசை. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் படத்தொடர். ஒவ்வொன்றும் முழுநீளம், ஒவ்வொன்றும் தனியே முடியும், நடிகர் மாறினாலும் வரிசை நிற்கும். இந்தப் பொருளில் அந்தச் சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆகவே ‘பாலீன் திரைப்படத் தொடர்’ என்று படிப்பவர், பாலீன் என்ற பெயரில் 20 முழுநீளப் படங்கள் வந்தன என்றே எடுத்துக்கொள்வார். ஒரே ஆண்டில் ஒருவர் எப்படி 20 முழுநீளப் படங்களில் நடித்தார் என்ற வியப்பும் கூடவே வரும். வியப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, சொல்தான் தவறு. ‘இரண்டிலும் தொடர் இருக்கிறதே, முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன?’ என்பவர்களுக்கு ஒரே பதில்: கடைத்தெரு வேறு, தெருக்கடை வேறு. தமிழில் தொகைச்சொல்லின் தலை கடைசியில் நிற்கிறது. அதை மாற்றினால் பொருளே மாறும்.

அடுத்த குழப்பம் சீரியலுக்கும் சீரீசுக்கும் இடையில். இரண்டையும் ‘தொடர்’ என்றே பெயர்த்துவிடுகிறோம். அமெரிக்கத் திரை வரலாற்றில் இவை வேறு வேறு. 1912இல் எடிசன் நிறுவனம் மேரி ஃபுல்லரை வைத்து மாதம் ஒன்றாக எடுத்த ‘வாட் ஹாப்பன்ட் டு மேரி’ 12 பகுதிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே முடிந்துவிடும். 1914இல் கேலம் நிறுவனம் தொடங்கிய ‘தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்’ 119 பகுதிகள். ஹெலன் ஹோம்ஸ் புகழ்பெற்றது இதில்தான். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஓர் இரயில் ஆபத்து, அந்த வாரமே மீட்பு. முதலில் இருந்து பார்க்காதவருக்கும் நட்டமில்லை. இதற்கு மாறாக, 1913 டிசம்பர் இறுதியில் செலிக் நிறுவனம் வெளியிட்ட, கேத்லின் வில்லியம்ஸ் நடித்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேத்லின்’ ஆபத்தின் நடுவில் நிறுத்தி அடுத்த பகுதிக்கு இழுத்தது.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம். தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனித்தனியே நிறைவு பெற்ற பாடல்களைத் திரட்டி வைத்தால் தொகைநிலை. ஒன்றையொன்று பற்றிச் சென்றால் தொடர்நிலை. ஹெலன் தொகைப்படம், கேத்லின் தொடர்படம். இவ்வளவு துல்லியமான பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. உண்மையில் பாலீனே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். அவள் சொத்தைக் கவர நினைக்கும் காப்பாளனின் சதி முதலிலிருந்து முடிவுவரை ஓடுகிறது. ஆனால் பல அத்தியாயங்கள் அந்தந்த ஆபத்தை அங்கேயே தீர்த்துவிடுகின்றன. முழுக்கதையைச் சதி கட்டிப்போடுவதால் அதைத் தொடர்படத்தில் சேர்ப்பதே சரி.

பகுதிக்கு என்ன சொல்? ‘20 பாகங்கள்’ என்பது இன்று உதவாது. இன்றைய தமிழ்த் திரைப்பேச்சில் இரண்டாம் பாகம் என்றால் அடுத்த முழுநீளப் படம். ‘எபிசோடு’ மறுபடியும் தொலைக்காட்சிக்கு இழுக்கும். அமெரிக்கர்களே இந்த வடிவத்தை ‘அத்தியாய நாடகம்’ என்று பொருள்படும் பெயராலும் அழைத்தார்கள். எனவே அத்தியாயம் போதும். அது வடசொல் என்று ‘இயல்’ போடச் சொல்பவர்கள் உண்டு. இயல் இலக்கணத்துக்கும் ஆய்வேட்டுக்கும் பழகிய சொல். குதிரையில் துரத்தும் கதைக்கு ஒட்டவில்லை. வாரப் பத்திரிகை படித்து வளர்ந்த தமிழருக்கு அத்தியாயம் வீட்டுச் சொல்.

அத்தியாயம் ஆபத்தில் நிற்கும் உத்தியை, ஆங்கிலத்தில் ‘கிளிஃப்ஹேங்கர்’ எனப்படுவதை, ‘மலைமுகட்டில் தொங்குதல்’ என்று பெயர்ப்பதைக் கைவிட வேண்டும். நம்மிடம் ‘அந்தரத்தில் விடுதல்’ இருக்கிறது. ‘அந்தர முடிவு’ என்று சுருக்கலாம். அதற்கான ஆங்கிலச் சொல் அச்சில் பரவியதே 1930களில்தான். அதை 1914ஆம் ஆண்டு மனிதர் வாயில் வைப்பதும் பொருந்தாது.

பிழைகளில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. 1919க்குப் பிறகு பேர்ல் ஒயிட் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் போய் ‘சிறப்புப் படங்களில்’ நடித்தார் என்று எழுதுகிறார்கள். மூலத்தில் இருப்பது ‘ஃபீச்சர்’, அதாவது முழுநீளப் படம். சிறப்பு எதுவும் அங்கே இல்லை. அந்தப் படங்கள் எடுபடவில்லை என்பதே உண்மை. அதனால்தான் 1923இல் வெளிவந்த ‘பிளண்டர்’ என்ற 15 அத்தியாயத் தொடர்படத்துக்குத் திரும்பினார். அதன் படப்பிடிப்பில், 1922 ஆகஸ்டில், பொய்முடி அணிந்து அவருக்கு டூப் போட்ட ஜான் ஸ்டீவன்சன், நியூயார்க்கில் பேருந்தின் மேலிருந்து மேம்பால இரயில் பாதையின் உத்தரத்துக்குத் தாவும்போது விழுந்து இறந்தார். ஆபத்துக் காட்சிகளில் பேர்ல் ஒயிட் தாமே நடிக்கிறார் என்ற விளம்பரத்துக்கு அது பலத்த அடி. ஆரம்பப் படங்களில் அவர் தாமே நடித்ததும், அதில் முதுகெலும்பில் அடிபட்டதும் மெய். ‘டூப்’ என்ற சொல்லை மாற்றி ‘பதிலி நடிகர்’ என்று எழுத வேண்டியதில்லை. பதிலி என்றால் வேடத்தையே மாற்றி எடுத்துக்கொண்டவர் என்று ஆகிவிடும்.

பேர்ல் ஒயிட்டுக்கான அகராதிக் குறிப்பை நான் இப்படி எழுதுவேன்: பேர்ல் ஒயிட் (1889–1938), மிசூரி மாநிலத்தில் பிறந்த அமெரிக்க மௌனப்பட நடிகை. 1910இல் திரைக்கு வந்தார். 1914 முதல் 1919 வரை பாத்தே நிறுவனத்தின் தொடர்படங்களிலும், பிறகு ஃபாக்ஸ் நிறுவனத்தின் முழுநீளப் படங்களிலும் நடித்தார். 1923இல் கடைசித் தொடர்படம். 1924இல் பிரான்சில் எடுத்த முழுநீளப் படத்தோடு நடிப்பை விட்டார்.