நாம் பார்க்காதபோது அந்த ஆள் என்ன செய்வான்?

2021 செப்டம்பர். தமிழ்நாட்டில் தியேட்டர்கள் பாதி இருக்கைகளோடு மறுபடி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ‘ஃப்ரீ கை’ பார்க்கப் போனேன். ஷான் லெவி இயக்கிய நகைச்சுவைப் படம். கதையின் பெரும்பகுதி ஒரு வீடியோகேமுக்குள்ளேயே நடக்கிறது. நீலச் சட்டை போட்ட வங்கிக் காசாளராக ரையன் ரெனால்ட்ஸ். காலையில் எழுந்ததும் தொட்டி மீனுக்கு வணக்கம் சொல்வார், வழக்கமான காபியை வாங்குவார், வங்கிக்குப் போவார். துப்பாக்கியோடு கொள்ளைக்காரர்கள் நுழைந்ததும் செக்யூரிட்டி நண்பரோடு தரையில் படுத்தபடி கதை பேசுவார். மறுநாளும் அதே. தான் ஒரு கேமின் பின்னணியில் நிற்கும் ஆள் என்பது அவருக்குத் தெரியாது.

இடைவேளையில் பையன் கேட்டான்: “மாமா, கேம் ஆடுறவங்க அந்தத் தெருவுல இல்லாதப்போ இந்த ஆள் என்ன பண்ணிட்டிருப்பான்?”

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. முதலில், அந்த ஆள் எப்படி நடக்கிறான், எப்படி முடிவெடுக்கிறான் என்று பார்க்க வேண்டும். இப்படி யாரும் கையில் எடுத்து ஆடாத பாத்திரங்களை கேம் ஆடுபவர்கள் என்.பி.சி. என்பார்கள்.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள 1980இல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட பேக்மேனைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தோரு இவாதானி உருவாக்கிய கேம். மஞ்சள் வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும்; நான்கு பேய்கள் துரத்தும். ஆடியவர்கள் எல்லோரும் சொல்வது, “நாலும் சேர்ந்து திட்டம் போட்டு என்னை மடக்குது” என்பதுதான். ஆனால் திட்டம் எதுவும் கிடையாது. பேய்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் இல்லை. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலப் பேய் சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் குறியை நிர்ணயிக்கும். ஆரஞ்சுப் பேய் எட்டு கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும்; அதற்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான். ஒன்று பின்னால் வர, இன்னொன்று முன்னால் வந்து நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட நமக்கு அது சதியாகத் தெரிகிறது. நான்கு எளிய விதிகளும் சேர்கிற இடம் பேயின் தலையில்லை, நம் தலை.

அதே பேய்களுக்கு மனநிலையும் உண்டு. கேமின் முதல் லெவலில் 7 விநாடி தத்தம் மூலைக்குப் போய்ச் சுற்றும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி மூலைக்கு. நீங்கள் பெரிய புள்ளியைத் தின்றுவிட்டால் பயந்து ஓடும். ஒவ்வொரு மனநிலையையும் ஒரு வட்டமாக வரைந்து, எது நடந்தால் எந்த வட்டத்துக்குப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டால், அதற்குப் பெயர் நிலைப்பொறி. பல வருடங்களுக்கு கேம்களின் காவலாளிகள், கடைக்காரர்கள், எதிரிப் படைவீரர்கள் எல்லோரும் இந்த வட்டங்களுக்குள்தான் வாழ்ந்தார்கள். ரோந்து ஒரு வட்டம். சத்தம் கேட்டால் தேடு என்ற வட்டம். ஆளைக் கண்டால் சுடு. காணாமல் போனால் மறுபடி ரோந்து. முன்பு நடந்ததை நினைவில் வைத்துக்கொள் என்று யாரும் தனியாக எழுதி வைக்காத வரை, அந்தக் காவலாளிக்கு நேற்று என்று ஒன்று இல்லை.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இங்கேதான் வருகிறது. நம் காசாளர் ஒருநாள் வழக்கமான காபியை விட்டுவிட்டு கப்புச்சீனோ கேட்பார். மொத்தக் கடையும் திகைத்து நிற்கும். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் நிலைப்பொறியை வரைந்து பார்த்தவர்களுக்கு அது துல்லியமான காட்சி. ‘கப்புச்சீனோ’ என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் யாருக்கும் அம்புக்குறி இல்லை!

சரி, வீட்டிலிருந்து வங்கிக்கு அவர் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்? தெருவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவோ பகுதிகளாகவோ பிரித்துவிடுவார்கள். குறுகிய வழியைத் தேட, தரையில் கொட்டிய தண்ணீர் நாலா பக்கமும் பரவுவது போல எல்லாத் திசையிலும் தேடலாம். வழி நிச்சயம் கிடைக்கும், நேரம்தான் வீணாகும். கோவையில் காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகிறவர் எதிர்த்திசையில் இருக்கும் கணபதிப் பக்கமும் போய்ப் பார்ப்பது போல. 1968இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ராஃபேல் மூவரும் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். இதுவரை நடந்த தூரத்தோடு, இன்னும் போக வேண்டிய தூரத்தின் உத்தேசத்தையும் கூட்டிக்கொள். கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் பக்கமே முதலில் தேடு. உத்தேசம் உண்மையான தூரத்தைத் தாண்டாதவரை, கிடைப்பது குறுகிய வழிதான் என்று நிரூபித்தும் காட்டினார்கள். ஏ-ஸ்டார் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோ தடுமாறித் தடுமாறி அறைகளுக்குள் நகர்வதற்காக எழுதியது அது. நிஜ ரோபோவுக்காகப் பிறந்த கணக்கு இன்று கற்பனைத் தெருக்களில் எண்ணற்ற கற்பனை மனிதர்களை நடத்திக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஆனால் என்னை உண்மையிலேயே அசத்தியது 2000இல் வில் ரைட் உருவாக்கிய ‘தி சிம்ஸ்’. அதில் வீட்டுக்குள் வாழும் மனிதர்கள் பசித்தால் சாப்பிடுவார்கள், களைத்தால் தூங்குவார்கள், போரடித்தால் டிவி போடுவார்கள். ஃப்ரிட்ஜ் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஃப்ரிட்ஜ்தான் கூவிக்கொண்டே இருக்கும், சந்தையில் காய்கறி விற்பவர் போல: “என்கிட்ட வா, பசி இவ்வளவு தீரும்.” கட்டில் தன் பங்குக்குக் கூவும், டிவியும் கூவும். அந்த மனிதர் தன் பசி, களைப்பு எண்களை வைத்துக்கொண்டு, யார் அதிகம் தருகிறார் என்று பார்த்துப் போவார். போனதும் கதவை எப்படித் திறப்பது, எப்படிச் சாப்பிடுவது என்ற செய்முறையும் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் பின்னாளில் புதிய பொருட்களைச் சேர்த்தபோது மனிதர்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால், அதுவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அறிவு ஆளிடம் இல்லை, வீட்டிடம் இருக்கிறது.

ஏன் இப்படிச் சுற்றிவளைக்க வேண்டும், ஆளுக்கே ஒரு நல்ல மூளையைக் கொடுத்துவிடலாமே? நேரம் இல்லை. விநாடிக்கு 60 முறை திரையின் படம் மாறும் கேமில், ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லிவிநாடிக்கும் குறைவு. வெளிச்சம், நிழல், கார் மோதல், சத்தம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தெருவோரக் காசாளர் யோசிக்க மிஞ்சுவது ஒரு துணுக்கு.

அப்புறம், பையனின் கேள்வி. பல நகரக் கேம்களில் நேர்மையான பதில்: அந்த ஆள் எதுவும் செய்வதில்லை, ஏனென்றால் அவன் இல்லை. தெருவில் நடப்பவர்கள் நம் பார்வைக்குச் சற்று அப்பால் உருவாக்கப்பட்டு, நாம் கடந்து போனதும் அழிக்கப்படுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் வேறு ஆட்கள். 2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ போன்ற கேம்கள் வேறு வழியில் போயின. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள்திட்டம்: இத்தனை மணிக்குக் கடை, இத்தனை மணிக்குச் சாப்பாடு, தூக்கம். நாம் தொலைவில் இருக்கும்போது அவர்களை அடி அடியாக நடத்தாமல், கணக்கில் மட்டும் இடம் மாற்றுவார்கள்.

படத்தில் காசாளர் விழித்துக்கொள்வதற்கு, இரண்டு ப்ரோகிராமர்கள் வேறொரு கேமுக்காக எழுதிய நிரல் காரணம் என்று வரும். அது 2021இல் வெறும் கதை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்னக் கற்பனை ஊரில் 25 பேரைக் குடிவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மொழி மாதிரி, அதாவது சாட்ஜிபிடி போல வாக்கியங்களைப் படித்துப் பதில் எழுதும் நிரல். பார்த்தது, கேட்டது, பேசியது எல்லாம் வாக்கியங்களாகச் சேமிக்கப்படும். எது சமீபத்தியது, எது முக்கியம், எது இப்போது பொருந்தும் என்று பார்த்து நினைவிலிருந்து எடுத்து, அடுத்த வேலையைத் தீர்மானிப்பார்கள். நிலைப்பொறிக்கு இல்லாத ‘நேற்று’ இவர்களுக்கு உண்டு. செலவும் அதற்கேற்ப. இரண்டு நாள் கதையை ஓட்டிப் பார்க்கவே ஆயிரக்கணக்கான டாலர் ஆனது. 17 மில்லிவிநாடிக்குள் அடங்கும் வேலையே இல்லை.

அந்த ஊரில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருத்திக்கு மட்டும், காதலர் தினத்தன்று விருந்து வைக்கும் ஆசையைக் கொடுத்தார்கள். செய்தி வாய்வழியாகவே பரவியது. அழைப்புக் கிடைத்த 12 பேரில் 5 பேர் விருந்துக்கு வந்தார்கள். வராதவர்களிடம் அப்புறம் காரணம் கேட்டார்கள். அவர்களில் ஓர் ஓவியர், தன் கண்காட்சி வேலையில் மூழ்கியிருப்பதால் நேரமில்லை என்று பதில் சொன்னார்.