ஏலக்கணக்கும் ஒரு கூட்டல் குறியும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக்கணக்கு எழுதுபவர், ஒவ்வொரு வரிக்கும் புது நோட்டு எடுத்து, பழைய நோட்டில் உள்ளதையெல்லாம் பார்த்து எழுதி, கடைசியில் புது வரியைச் சேர்த்துவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா நிரல்மொழியில் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) += என்ற ஒட்டும் குறியைப் போட்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரம்) நீட்டினால் நடப்பது இதுதான். உருவான ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது. ஒட்டும்போதெல்லாம் முழு நகல்.

வரிக்கு 40 குறியீடு (கணினி எண்ணும் எழுத்து அலகு), மொத்தம் 10,000 வரி. கையில் கிடைப்பது 4 லட்சம் குறியீடு. 40, 80, 120 என்று கூட்டிப் பாருங்கள்: நகலெடுத்தது சுமார் 200 கோடி! 500 வரி வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. வரி 20 மடங்கானால் வேலை 400 மடங்கு. தூக்கிப் போட்ட நோட்டுகளை அள்ள, வேண்டாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டரும் ஓயாமல் ஓடும்.

இதற்கு மாற்றாக ஜாவா தரும் ஸ்ட்ரிங்பில்டர் அதே நோட்டின் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறது. தொடக்க இடம் 16 குறியீடு. நிரம்பினால் ஏறக்குறைய இரட்டிக்கும். நம் கணக்குக்கு 15 முறை இடம் மாறினால் போதும். முதலிலேயே 4,00,000 என்று கொடுத்துவிட்டால் அதுவும் மிச்சம். ஆனால் அதில் வரி சேர்க்கும் அப்பெண்ட் கட்டளையின் அடைப்புக்குள் மறுபடி + போட்டு ஒட்டுபவர்கள் உண்டு. வரிக்கு வரி ஒரு தற்காலிக ஸ்ட்ரிங் வீண்.

இடத்தைக் கணிக்கையில் தமிழ் காலை வாரும். 'கடலூர்' கண்ணுக்கு 4 எழுத்து. ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு 6. ஜாவா நினைவகத்தில் 12 பைட், யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் 18. ஜாவா 9 முதல் ஆங்கிலம் மட்டுமே உள்ள ஸ்ட்ரிங்குக்கு எழுத்துக்கு 1 பைட்தான். நடுவில் 'வஞ்சிரம்' ஒன்று நுழைந்தால் ஸ்ட்ரிங் முழுதும் 2 பைட்டாகும்.

பைத்தான் நிரல்மொழியில் துண்டுகளை லிஸ்டில் (பட்டியல்) சேர்த்து, முடிவில் எல்லாவற்றையும் ஒட்டும் ஒரே ஜாயின். அது நீளங்களைக் கூட்டி, ஒரே முறை இடம் எடுக்கும். அங்கே += சில நேரம் வேகமாக ஓடுவது உண்மை; அதே ஸ்ட்ரிங்கை வேறொரு பெயரும் பிடித்திருந்தால் அந்தச் சலுகை போச்சு.

ஏலக்கணக்கு கோப்புக்குத்தான் போகிறதென்றால் முழு ஸ்ட்ரிங்கே எதற்கு? ஜாவாவில் கோப்பில் எழுத உதவும் பஃபர்ட் ரைட்டரில் வரி வரியாக எழுதிவிடலாம். யுடிஎஃப்-8 என்று சொல்ல மட்டும் மறக்காதீர்கள்: ஜாவா 18க்கு முந்தைய விண்டோஸ் கணினியில் வஞ்சிரம் வெறும் கேள்விக்குறிகளாக இறங்கும்.