ஒன்பது துண்டு, மூன்று கத்தரிக்கோல்

1966இல் அமெரிக்காவின் அலபாமாவில், வில்காக்ஸ் கவுண்டியில், வாக்காளராகப் பெயர் பதிந்த குற்றத்துக்காகக் கறுப்பினக் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அங்கிருந்த பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கி, துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகளை விற்றார்கள். ஆறுதல் அங்கே தனியாகப் பரிமாறப்படவில்லை, வேலையோடு வந்தது. இன்று பாகுபாட்டால் நொந்த பெண்களுக்குக் கலைக்கூடல் (சேர்ந்து உட்கார்ந்து கைவேலை செய்யும் கூட்டம்) நடத்துவோர் தவறவிடுவது இதைத்தான்.

ஒன்பது பேர், வாரம் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் போதும். ஆளுக்கொரு சதுரம், ஒன்பதும் சேர்ந்தால் ஒரு போர்வை. ஒவ்வொன்றும் தைத்தபின் 30 செ.மீ. வரவேண்டும், ஆகவே சுற்றிலும் 6 மி.மீ. விளிம்பு விட்டு 31.2 செ.மீ. வெட்டுங்கள். துணியை முன்பே துவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கிக் கோணும். பனியன் துணியைப் பருத்தியோடு சேர்த்தால் இழுத்துக்கொள்ளும். கத்தரிக்கோல் மூன்று மட்டும் வையுங்கள். கேட்டு வாங்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. பஸ் காசு, சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இம்மூன்றும் இல்லையென்றால் மூன்றாம் வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

“உங்களுக்கு என்ன நடந்தது?” என்று முதல் நாளே கேட்காதீர்கள். காயத்தைத் துணியில் வரையச் சொல்வது அதைவிட மோசம். கண் தையலில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்: மேலதிகாரி தலைப்பின்னலை “ஒழுங்காக இல்லை” என்றது, பதவி உயர்வு கைநழுவியது.

அப்போது தலையாட்டிவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடக்கூடாது. அமெரிக்காவில் வேலையிடப் பாகுபாடு பற்றிச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் செய்யப் பொதுவாக 180 நாள்தான்; மாநில அல்லது உள்ளூர்ச் சட்டமும் அதே பாகுபாட்டைத் தடுத்து, அதை நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பும் இருந்தால் 300. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் 45 நாளுக்குள் தம் துறையின் சம வேலைவாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். நிறுவனத்துக்குள் கொடுத்த புகார் இந்தக் கெடுவை நிறுத்தாது. கூடல் முடிந்ததும் தனியே அழைத்துத் தேதியை எண்ணிச் சொல்லுங்கள். தலைமுடிப் பாகுபாட்டைத் தடுக்கும் கிரவுன் சட்டம் 2019இல் கலிபோர்னியாவில் முதலில் வந்தது. எல்லா மாநிலத்திலும் இல்லை, விசாரித்துவிட்டுப் பேசுங்கள். நடந்ததைச் சொந்த நோட்டில் எழுதட்டும், அலுவலகக் கணினியில் வேண்டாம்.

புகைப்படம் எடுக்காதீர்கள். புகார் நிலுவையில் இருப்பவர் முகம் முகநூலில் வந்தால் முதலாளியும்தான் பார்ப்பார்.

முடிந்த போர்வை யாருக்கு என்பதை முதல் வாரமே எழுதிவையுங்கள். அதே வில்காக்ஸ் கவுண்டியின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் அருங்காட்சியகச் சுவர் ஏறின. 2007இல் தைத்தவர்கள் சிலர் தங்கள் பங்குக்காக நீதிமன்றம் போக நேர்ந்தது.