மானியம்: நிலத்திலிருந்து சிலிண்டருக்கு வந்த சொல்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, சிலிண்டர் வந்து இறங்கி இரண்டு நாள் ஆனதும் “சப்சிடி ஏறிச்சா?” என்று வீட்டில் ஒரு கேள்வி வரும். அதே பணத்துக்குச் செய்தித்தாளில் பெயர் ‘மானியம்’. வேளாண்மை அலுவலகத்தில் ‘மானிய விலை’, வங்கியில் ‘சப்சிடி லோன்’, இலங்கையில் ‘உர மானியம்’. தமிழ் பேசும் எல்லா ஊரிலும் ஓடுகிற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு நல்ல தமிழ் எது என்று பார்க்கலாம்.

மானியம் வடசொல். ‘மான்ய’ என்றால் மதிக்கத்தக்க என்று பொருள். இந்தியில் ஒருவரை உயர்த்திப் பேசும் ‘மான்யவர்’ என்பதும் இதன் உறவுதான். மதிப்புக்குரியவருக்கோ கோயிலுக்கோ வரியில்லாமல் விடப்பட்ட நிலத்துக்கு இது பெயரானது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் ‘சர்வமானியம்’ என்று வரும்; எந்த வரியும் கிடையாது, முழு விலக்கு என்பது அதன் கருத்து. நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர் என்று ஊருக்கு வேலை செய்தவர்களுக்கு விடப்பட்ட ஊழிய மானியங்களும் இருந்தன. அவர்களுக்கு அது சம்பளம், யாரும் தூக்கிக் கொடுத்த கொடை அல்ல. கிராமங்களில் வயலைக் காட்டி ‘அது கோயில் மானியம்’ என்று சொல்வது இந்தப் பழைய பொருளில்தான்.

இதே நிலத்துக்கு அரபியிலிருந்து வந்த பெயர் ‘இனாம்’. 1963-இல் சென்னை மாநிலம் சிறு இனாம்களை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றச் சட்டம் போட்டது. அந்த நிலமுறை போனது, இரண்டு சொற்களும் பழைய வேலையை இழந்தன. இனாம் ‘சும்மா கிடைப்பது’ என்ற பொருளில் கடைவீதியில் நிற்கிறது. மானியம் அரசு அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. இரண்டில் யாருக்கு யோகம் என்று சொல்லத் தேவையில்லை.

சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நேரான தமிழ்ச்சொல் இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி. ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்ற குறளில் அரசனும் வரியும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். அந்த இறை இல்லாதது இறையிலி. அப்படியானால் மானியத்துக்குச் சரியான தமிழ் இறையிலிதானே என்று கேட்டால், பழைய மானியத்துக்கு ஆம், இன்றைய மானியத்துக்கு இல்லை. அன்று அரசு வரவேண்டியதை வாங்காமல் விட்டது. இன்று கையிலிருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. கணக்குப் பிள்ளையைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு பத்தி என்பார்.

பக்கத்து மொழிகளில் இந்தப் பொருள் மாற்றம் நடக்கவில்லை. தெலுங்கில் ‘மான்யம்’ இன்னும் நிலம்தான். விலைச் சலுகைக்கு அவர்கள் ‘ராயிதி’ என்கிறார்கள். கன்னடத்தில் ‘சகாயதன’. இந்தியில் ‘அனுதான்’, இல்லாவிட்டால் சப்சிடியே. ஆக, சொல் வடக்கிலிருந்து வந்தாலும் இந்தப் பொருளை அதற்குக் கொடுத்தது நாம்தான்.

சப்சிடிக்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் ‘சப்சிடியம்’ என்பது பின்வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் படை. முன்வரிசை தளர்ந்தால் எழுந்து வரும். பிறகு உதவி என்று பொருள் விரிந்தது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் இது மன்னருக்கு நாடாளுமன்றம் ஒப்புக்கொடுத்த வரியைக் குறித்தது. அதாவது பணம் மக்களிடமிருந்து அரசனுக்குப் போனது! பாடப்புத்தகத்தில் படித்த வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் நினைவிருக்கும்; அதன் ஆங்கிலப் பெயரிலும் இதே வேர்தான். 1798-இல் ஹைதராபாத் நிஜாம், 1799-இல் தஞ்சாவூர் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உள்ளூரில் உட்கார்ந்திருக்கும், செலவு உள்ளூர் அரசனுடையது. துணைக்கு வந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்டான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நல்கை’ என்ற சொல்லைச் சிலர் மானியத்துக்கு மாற்றாக வைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவைப் ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்று எழுதுவது இப்போது பரவலாகிவிட்டது. அழகான சொல். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று மழையைப் பற்றிக் குறள் சொல்லும்போது வருவது அதே நல்குதல்தான். ஆனால் நல்கை என்பது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பது. சட்டமன்றத்தில் துறைவாரியாக வரும் ‘மானியக் கோரிக்கை’யை ‘நல்கைக் கோரிக்கை’ என்று மாற்றினால் இன்னும் பொருந்தும். ஏனென்றால் அங்கே யாருக்கும் எதன் விலையும் குறைவதில்லை, துறைக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு பொருளின் விலையில் ஒரு பகுதியை வேறொருவர் தாங்குவதற்கு நல்கை ஒட்டாது. ‘உதவித்தொகை’யை மாணவர்களும் முதியோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘சலுகை’ துணிக்கடை வாசலிலும் தொங்குகிறது. என்னைக் கேட்டால் இந்த இடத்தில் மானியமே இருக்கட்டும்.

மானியம் என்று சொல்லாமலே மானியம் நடப்பதும் உண்டு. 2015 ஜனவரி முதல் நாடு முழுதும் சிலிண்டருக்கு முழு விலை கொடுத்துவிட்டு, மானியம் வங்கிக் கணக்கில் வரும் முறை வந்தது. 2020-இல் கொரோனா சமயத்தில் உலகச் சந்தை விலை சரிந்தபோது பெரும்பாலோருக்கு மானியம் நின்றது. பிறகு விலை ஏறியது, மானியம் திரும்பவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118.50 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். அதற்கு முன்பே 2022 அக்டோபரில், செலவுக்குக் கீழே விற்ற நட்டத்துக்காக மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு 22,000 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. பெயர் ‘ஒருமுறை நல்கை’. நம் கணக்கில் விழவில்லை, ஆனாலும் சிலிண்டர் விலையைத் தாங்கியது அது. பெயரில் நல்கை, வேலையில் மானியம்.

மின்கட்டணத்தில் மானியத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்து 2024 ஜூலையில் மாறும்வரை இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓட்டிய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். மீட்டர் 501 காட்டினால் பட்டியலே மாறிவிடும். 101-லிருந்து 400 வரை எல்லாம் 4.50, அந்த 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதில் மின்சாரத்துக்கு 8 ரூபாய்தான், மீதி 225 போன மானியம். ஏசியை அரை மணி முன்னதாக அணைக்கச் சொல்லும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

இந்தத் தொகையை அரசு மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு முன்கூட்டியே கட்டச் சொல்கிறது. ‘குறுக்கு மானியம்’ என்று ஒன்றும் உண்டு. அதில் அரசுப் பணம் ஒரு காசு கிடையாது. ஆலையும் கடையும் அடக்கச் செலவுக்கு மேல் கட்டுவதால் வீட்டுக் கட்டணம் குறைகிறது. அப்படிக் கட்டிய காசைக் கடைக்காரர் பொருளின் விலையில் ஏற்றாமல் வேறு எங்கே ஏற்றுவார்?

மானியம் பற்றிய பேச்சில் கூடவே வரும் சொல் ‘தன்னிறைவு’. நமக்கு வேண்டியது நம்மிடமே விளைவது அது. உணவு தானியத்தில் இந்தியா அதை எட்டியது. ‘தற்சார்பு’ வேறு: இன்னொருவர் கைவிட்டாலும் நிற்க முடிவது. ஒன்றிய அரசு பல இடங்களில் இதைத் தமிழில் ‘சுயசார்பு’ என்றும் எழுதுகிறது. ‘தற்சார்பு’ இருக்கும்போது எதற்கு என்று தெரியவில்லை. சமையல் எரிவாயுவில் நமக்கு இரண்டுமே இல்லை. தேவையில் சுமார் 60 விழுக்காடு இறக்குமதி, பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து. மானியம் கூடக்கூடப் பயன்பாடு கூடும், இறக்குமதியும் கூடும். விறகுப் புகையிலிருந்து வெளியே வந்த பெண்களை நினைத்தால் அதற்காக மானியத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கூரைச் சூரியமின் மானியம் வேறு மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். முதலில் நாம் கட்டிவிட வேண்டும், இணைப்பு ஓடத் தொடங்கியபின் கணக்கில் வரும். விலை கேட்டுப் போனால் விற்பவர் முதலில் கேட்பது, “டிசிஆரா, நான்-டிசிஆரா?” டிசிஆர் என்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சூரிய செல்களும் இந்தியாவில் செய்தவை. மானியம் அதற்கு மட்டும்தான், விலையும் அதற்குத்தான் அதிகம். அந்த 78,000-இல் ஒரு பகுதி, வெளிநாட்டுச் செல் போட்ட பேனலுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்திலேயே போய்விடுகிறது. பயனாளி என்று நம் பெயரில் பதிவாகும் பணத்தில் உள்நாட்டுத் தொழிற்சாலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விற்பவரிடம் இரண்டு விலையையும் எழுதி வாங்கினால் அந்தப் பங்கு எவ்வளவு என்று நாமே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.