அவுட்கம்னா விளைவா?

"வைட்டமின் டி மட்டமும் கோவிட் நோயாளிகளின் விளைவுகளும்"னு திரும்பவும் ஒரு வாட்சப் பார்வர்டு, மொழிபெயர்த்தவர் யாரோ தெரியாது, ஆனா இங்கிலீஷ்ல அவுட்கம் (outcome)னு பார்த்தாலே கண்ணை மூடிக்கிட்டு விளைவுன்னு போடுறது இப்ப வியாதியாவே ஆயிடுச்சு.

அவுட்கம்னா கடைசியில என்ன ஆச்சுங்கறது, அவ்ளோதான். ஆள் வீடு திரும்பினாரா, ஐசியூ போனாரா, வென்டிலேட்டர் வெச்சாங்களா, இறந்துட்டாரா. எதனாலன்னு அந்தச் சொல் வாயே திறக்காது. நம்ம விளைவு அப்படி இல்ல, விளை, விளைச்சல், விளைநிலம்னு வர்ற வேர், விதைச்சது ஒண்ணு இருந்தாத்தான் விளையும். பக்கவிளைவுன்னா மருந்து பண்ணின வேலைன்னு யாருக்கும் சொல்லித்தர வேணாம். அப்ப தலைப்பைப் படிக்கிறவங்க வைட்டமின் குறைஞ்சதாலதான் நுரையீரல் போச்சுன்னு முடிவு கட்டிட்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பார்மசியில வெள்ளிய (மலேசியக் காசை) கொட்டி பாட்டில் பாட்டிலா வாங்குறாங்க.

அந்த மாதிரி ஆய்வுல பெரும்பாலானது ரத்தத்துல அளவு பார்த்ததோட சரி. வயசானவங்களுக்கும் உடம்பு பருத்தவங்களுக்கும் வைட்டமின் டி குறைவா இருக்கும், கோவிட்டும் அவங்களைத்தான் அதிகமா போட்டுத் தாக்கும், அது போக உடம்புல அழற்சி வந்தாலே அந்த அளவு இறங்கிடும், எது முன்ன எது பின்னன்னே பிரிக்க முடியாது. பிரேசில்ல கோவிட்டோட ஆஸ்பத்திரியில இருந்தவங்களுக்கு ஒரே டோஸா 2 லட்சம் யூனிட் வைட்டமின் டி குடுத்துப் பார்த்தாங்க (2021ல வெளிவந்துச்சு), ஆஸ்பத்திரியில இருந்த நாள் குறையல.

விளைவுன்னு தைரியமா சொல்லணும்னா நம்ம கேஎல்லயே (கோலாலம்பூர்லயே) நடந்ததைச் சொல்லலாம். 1905ல இங்க மனநல மருத்துவமனையில ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர், பாதிப் பேருக்குத் தீட்டின பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசின்னு பிரிச்சுக் குடுத்தார், பெரிபெரி (வைட்டமின் பி1 குறைஞ்சா வர்ற நோய், அரிசியைத் தீட்டினா அந்தச் சத்து போயிடும்) பச்சரிசிப் பக்கம்தான் தலைகாட்டுச்சு. காசிமிர் ஃபங்க்னு ஒரு விஞ்ஞானி வைட்டமின்னு பேரு வெச்சது அப்புறம், 1912லதான். இது விளைவு, ஏன்னா அரிசியை மாத்தினது அவர் கை.

இன்னும் சிலர் ‘சிகிச்சைப் பலன்’னு போடுறாங்க, சிகிச்சையே குடுக்காத ஆய்வுக்குப் பலன் எங்கருந்து வரும் லா? நோயின் முடிவுன்னு போடுங்க. பரிசோதனை முடிவோட குழம்பும்னா, அதை எந்த கிளினிக்ல முடிவுன்னு கேக்குறாங்க, எல்லாரும் ரிசல்ட்னுதான் கேக்குறாங்க.

லெவலுக்குப் போட்ட அந்த ‘மட்டம்’ வேற. அளவுன்னு தங்கமான சொல் இருக்கும்போது, வைட்டமின் டி மட்டம்னா பாட்டில் சரக்கு மட்டம்னுதான் எங்க பெரியம்மா படிப்பாங்க.